அது அப்படித்தான் கத்தும்

அந்தக் கடைத்தெருவில் அவளுக்குச் சந்தேகம் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. அதைச் சொல்லிக் கூப்பிட ஆளில்லாமல் துருப்பிடித்துப் போய்விட்டது. ரிப்பேருக்கென்று யார் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு வந்தாலும், பெட்டியைத் திறப்பதற்கு முன்னால் வந்த ஆளைத் திறந்துவிடுவாள்.

"எப்போ நின்னுச்சு? நிக்கிறதுக்கு முன்னாடி என்ன பண்ணீங்க? ஒண்ணும் பண்ணலையா? ஒண்ணும் பண்ணாம அது ஏன் சார் நிக்குது, அதுக்கென்ன வேண்டுதலா? என்ன டவுன்லோட் பண்ணீங்க, சொல்லுங்க."

இதற்குப் போலீஸ் ஸ்டேஷனே தேவலை என்று முணுமுணுத்துக்கொண்டேதான் ஆட்கள் வருவார்கள். ஆனாலும் வருவார்கள். அவள் கை பட்ட மெஷின் மறுபடி மக்கர் பண்ணாது. கேட்காமல் எதையும் நம்ப மாட்டாள், பார்க்காமல் எதையும் தொட மாட்டாள். இணையத்தில் இருந்து இறக்கிய எந்தப் புரோகிராமையும் முதலில் ஒரு ஓட்டை லேப்டாப்பில் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் மற்ற மெஷினில் ஏற்றுவாள். அந்த லேப்டாப்பின் வயர்லெஸ் கார்டை அவளே பிடுங்கி எறிந்திருந்தாள். அதற்குப் பலியாடு என்று பெயர் வைத்து, மேஜைக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் கூடையில் போட்டு வைத்திருந்தாள்.

இந்தச் சந்தேகம் எங்கே பிறந்தது என்று கேட்டால், ஒரு கட்டிலுக்கடியில் பிறந்தது என்றுதான் சொல்ல வேண்டும். அவளுடைய அப்பா லேத் பட்டறையில் வேலை பார்த்தவர். சாப்பாடு சூடாக இருந்தால் அடி, ஆறியிருந்தால் அடி, இரண்டுக்கும் நடுவில் பதமாக இருந்துவிட்டால், ஏன் இன்றைக்கு இவ்வளவு பதம் என்று அடி. அம்மா வாங்கி முடித்ததும் பிள்ளைகள் முறை வரும். மாடிப்படியில் அவர் செருப்புச் சத்தம் எப்படி விழுகிறது, சாவி பூட்டில் ஒரே தடவையில் நுழைகிறதா, தடுமாறுகிறதா, எல்லாவற்றையும் காதாலேயே பரிசோதித்து, தம்பியைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டு, அவனுக்கு முன்னால் இவள் படுத்துக்கொள்வாள். அவளுக்குப் பதினைந்து வயதிருக்கும்போது ஒரு நாள், தம்பியின் காலைப் பிடித்து அந்த ஆள் கட்டிலுக்கடியில் இருந்து தரதரவென்று இழுத்தார். பையன் தரையை நகத்தால் பிறாண்டிக்கொண்டே வந்தான். அவருடைய பையில் இருந்தே ஒரு ஸ்பேனரை எடுத்து, அவர் முழங்காலில் போட்டாள். ஒரு தடவை இல்லை. எலும்பு உடைந்த சத்தம் கேட்ட பிறகும் போட்டாள்.

சாகும்வரை அவர் நொண்டிக்கொண்டுதான் நடந்தார். அன்றோடு அந்த வீட்டில் அடி நின்றது. நின்றதே தவிர வீட்டை விட்டுப் போகவில்லை. அக்காவுக்கும் தம்பிக்கும் பங்கு பிரிந்து உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. அக்கா தன் பங்கைக் கேள்வியாக மாற்றிக்கொண்டாள். தம்பிக்கு அந்தச் சாமர்த்தியம் போதவில்லை.

தம்பியை ஊரில் கதவு என்பார்கள். ஆள் அந்த அளவு. ஒரு மது விடுதியின் வாசலில் நிற்பது அவனுக்கு வேலை. குடித்துவிட்டுக் கலாட்டா செய்பவர்களைத் தூக்கி வெளியே போட வேண்டும். திரும்பி வருபவர்களைத் திரும்பி வராதபடி செய்ய வேண்டும். அவன் கைமுட்டியில் காயம் ஆறியதை யாரும் பார்த்ததில்லை. இத்தனைக்கும் வீட்டில் பெண்டாட்டி மேலோ குழந்தை மேலோ கை வைத்தவன் இல்லை. ஆனாலும் ஒரு நாள், தன் சின்ன மகளின் தலையைத் தடவ அவன் கையைத் தூக்கியபோது, குழந்தை கண்ணை இறுக்க மூடிக்கொண்டு கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டது. வாசலில் அப்பா என்ன செய்கிறார் என்று எங்கேயோ பார்த்திருக்கிறது. அந்தக் கழுத்து உள்ளே போகிற விதம் அவனுக்குத் தெரியும். அதே மாதிரி கழுத்தை இழுத்து வளர்ந்தவன்தானே அவனும்.

மறுநாளே வேலையை விட்டான்.

"இனிமே எவன் மேலயும் கை வைக்க மாட்டேன் அக்கா. யாரையும் அடிக்காம சோறு திங்கிற மாதிரி ஒரு தொழில் சொல்லு."

தொழில் சொன்னவர் அவளுடைய வீட்டுக்காரர். சந்தேகம் கடைக்கு அடுத்த கடை அவருடைய சலூன். அவரைக் கட்டிக்கொண்ட கதையைச் சொல்லாவிட்டால் இவளைப் பற்றிச் சொன்னது முழுமையாகாது. பழுதான டிரிம்மரைச் சரிபண்ணக் கொண்டுவந்தவர் அவர். அடிக்கத் தெரியாத ஆம்பளை என்று ஒருவன் உலகத்தில் இருக்க முடியும் என்பதை அவள் நம்பவில்லை. எனவே டெஸ்ட் வைத்தாள். அவர் டிரிம்மரை வேண்டுமென்றே தொலைத்தாள். கொதிக்கிற டீயை அவர் தொடையில் கொட்டிவிட்டு முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் சலூனின் பெரிய கண்ணாடியை ஸ்டூலால் இடித்து உடைத்தாள். அந்த மனிதர் டீக்குக் குதித்தார், கண்ணாடிக்குத் தலையைச் சொறிந்தார், அவ்வளவுதான். "உனக்கு என் மேல கோபம்னா நேரா சொல்லிடேன், பொருளை எல்லாம் ஏன் உடைக்கிற" என்றார். அந்த வாரமே கல்யாணத்துக்குச் சம்மதித்தாள்.

அவருக்கு சலூனில் ஆள் இல்லாத நேரமெல்லாம் போனில்தான் கண். கிரிப்டோ மைனிங் என்ற ஒன்றை அதில் பார்த்துவைத்திருந்தார். மண்வெட்டியும் இல்லை, சுரங்கமும் இல்லை. நல்ல திறனுள்ள கம்ப்யூட்டர்களை ஓயாமல் கணக்குப் போட வைக்க வேண்டும். அந்த உழைப்புக்குக் கூலியாக இணையத்தில் நாணயம் சேரும். கையால் தொட முடியாத நாணயம். கதவு தன் சேமிப்பை எல்லாம் போட்டு, வீட்டின் பின்னறையில் மெஷின்களை வரிசையாக அடுக்கினான். அந்த அறையில் மின்விசிறிகள் போடுகிற இரைச்சலில் பக்கத்தில் நிற்பவன் பேசுவது கேட்காது. ஈரத் துணியைத் தொங்கவிட்டால் அரை மணியில் அப்பளமாகக் காய்ந்துவிடும். நாணயம் சேர்கிற பெட்டகத்துக்குச் சாவி, பன்னிரண்டு சொற்கள். அது மாமனுக்கும் மச்சானுக்கும் மட்டும்தான் தெரியும். கதவுக்கு ஒற்றை விரலால்தான் தட்டத் தெரியும் என்பதால், தட்டுகிற வேலை எல்லாம் மாமாவுடையது.

ஒரு வருஷத்துக்கு மேல் நன்றாகத்தான் ஓடியது. கதவு சிரிக்கக்கூடக் கற்றுக்கொண்டான். கைமுட்டிக் காயம் ஆறித் தோல் வெளுத்தது. மகள் அவன் மடியில் ஏறி உட்கார ஆரம்பித்தாள்.

ஒரு நாள் காலை பெட்டகத்தைத் திறந்து பார்த்தான். துடைத்து வைத்த மாதிரி இருந்தது. சேர்ந்ததெல்லாம் முந்தின நாள் ஒரே மூச்சில் வெளியே போயிருந்தது. பன்னிரண்டு சொற்களும் தெரிந்தவர் இரண்டே பேர். தான் எடுக்கவில்லை என்பது அவனுக்குத் தெரியும். மிச்சம் யார்?

கதவு ஓடவில்லை, கத்தவில்லை. நடந்தே வந்தான். சலூனில் மாமா ஒருவருக்குப் பாதித் தாடி எடுத்திருந்தார். அவரைச் சட்டையோடு சேர்த்துத் தூக்கிக் கண்ணாடியில் அறைந்தான். சந்தேகம் ஒரு தடவை உடைத்து, புதிதாக மாற்றிய கண்ணாடி அது. மறுபடி உடைந்தது. நாற்காலியில் இருந்தவர் பாதித் தாடியும் சோப்பு நுரையுமாகத் தெருவில் ஓடினார்.

"யாருக்குப் போன் பண்ண?"

"டேய், விடுடா... என்னாச்சு..."

"புது சாஃப்ட்வேர் ஏத்துன அன்னைக்கு, வைரஸ்னு சிவப்பா பெட்டி வந்துச்சுல்ல? நீ போனை எடுத்துக்கிட்டு வெளிய போன. பேசிட்டு வந்து அந்த ஆன்ட்டி வைரஸை ஆஃப் பண்ண. யாருய்யா அது? உன் கூட்டாளி எவன்?"

இத்தனை வருஷம் 'நீங்க' என்று கூப்பிட்ட வாய். அன்றைக்குத்தான் அதில் 'நீ' வந்தது.  கதவு அவரை வாசலுக்கு இழுத்து வந்து, வலது கையைப் பிடித்து ஷட்டர் இறங்குகிற இரும்புச் சட்டத்தில் வைத்தான். மறு கையால் ஷட்டரை இழுத்தான்.

"யாருக்குப் போன் பண்ண?"

சொல்லவில்லை. ஷட்டர் ஏறியது. மறுபடி இறங்கியது. அந்தச் சத்தத்தையும், அதற்குள்ளிருந்து வந்த இன்னொரு சத்தத்தையும் கேட்டுத்தான் சந்தேகம் அடுத்த கடையில் இருந்து ஓடி வந்தாள். கையில் அகப்பட்டது ஒரு பழைய பவர் சப்ளை பெட்டி. செங்கல் கனம் இருக்கும். தம்பியின் முதுகில் அதை முழு பலத்தோடு எறிந்தாள். அவன் தடுமாறிய கணத்தில் வீட்டுக்காரரை அள்ளித் தன் கடைக்குள் தள்ளி, உள்ளே இருந்து ஷட்டரை இழுத்துப் பூட்டினாள்.

அவருடைய ஆள்காட்டி விரலும் நடு விரலும் விரல் மாதிரியே இல்லை. கத்திரிக்கோல் பிடிக்கிற விரல்கள். அதைப் பார்த்ததும் அவளுக்குக் கோபம் மண்டைக்கு ஏறியது. வெளியே போய் அவனைக் கொன்றுவிடலாமா என்றுதான் முதலில் நினைத்தாள். பொய் சொல்வானேன், மனசார நினைத்தாள்.

வெளியே கடப்பாரை வந்துவிட்டது. பக்கத்தில் எங்கேயோ வேலை நடந்துகொண்டிருந்த இடத்தில் இருந்து உருவி வந்திருக்கிறான். ஷட்டரில் அது இறங்கும்போதெல்லாம் கடைக்குள் அலமாரியில் இருந்த ஸ்க்ரூக்கள் தெறித்தன.

"அக்கா, நீ விலகிக்க! உனக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல! புது சாஃப்ட்வேர் ஏத்துன அன்னைக்கே எவனுக்கோ போன் பண்ணிட்டு, இப்போ பெட்டகத்தையே தொடச்சிட்டான் இந்த ஆளு! அந்த ஆளை வெளிய அனுப்பு, இல்லன்னா நானே உள்ள வந்து அடுத்த கையையும் நசுக்கிடுவேன்!"

ஷட்டரின் கீழ்ப் பட்டை வளைய ஆரம்பித்தது. மிஞ்சிப் போனால் இன்னும் கொஞ்ச நேரம் தாங்கும். அவள் வீட்டுக்காரரின் கையைத் துணியால் சுற்றிக்கொண்டே கேட்டாள்.

"ஏங்க, காசை எடுத்தீங்களா?"

"இல்ல."

"போன் பண்ணீங்களா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"யாருக்கு?"

 ஊருக்கெல்லாம் சந்தேகமாக இருந்தவளுக்கு, கல்யாணமான நாளில் இருந்து வராத சந்தேகம் அப்போது வந்தது. விரல் போனாலும் பரவாயில்லை என்று ஒரு பெயரை ஒருவர் மறைக்கிறார் என்றால், அந்தப் பெயர் யாருடையது? ஒரு கணம், ஒரே ஒரு கணம், தம்பி சொல்வது சரியாக இருக்குமோ என்று நினைத்தாள்.

நினைத்ததை அப்படியே நம்புகிற ஆள் இல்லையே அவள். "அந்த சாஃப்ட்வேர் எங்க? காப்பி வச்சிருக்கீங்களா?" என்றாள். அவர் இடது கையால் பாக்கெட்டில் இருந்து சாவிக்கொத்தை எடுத்தார். அதில் ஒரு பென் டிரைவ் தொங்கியது. அதன் மேல் ரத்தம் பட்டிருந்தது. புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு, மேஜைக்குக் கீழிருந்து பலியாட்டை வெளியே இழுத்தாள்.

"எங்க இருந்து இறக்குனீங்க?"

"மைனிங் குரூப்ல ஒருத்தன் லிங்க் போட்டான். புது வெர்ஷன், இன்னும் வேகமா ஓடும்னான். நெறைய பேரு கட்டை விரல் தூக்கியிருந்தாங்க."

கட்டை விரல் தூக்கியவன் எல்லாம் யோக்கியன் என்று எவன் சொன்னானோ! அவள் பல்லைக் கடித்துக்கொண்டு, தன் போனில் அந்தப் புரோகிராமை எழுதியவர்களின் சொந்தத் தளத்துக்குப் போனாள். மனுஷனுக்குக் கைரேகை மாதிரி, ஒவ்வொரு புரோகிராமுக்கும் நீளமாக ஒரு எழுத்து வரிசை உண்டு. உள்ளே ஒரே ஒரு புள்ளி மாறினாலும் அந்த வரிசை முழுக்க மாறிவிடும். செய்தவர்கள் அதைத் தங்கள் தளத்தில் போட்டு வைத்திருப்பார்கள். இறக்கியவர்கள் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். ஒருவரும் பார்ப்பதில்லை. அவள் பார்த்தாள். தளத்தில் இருந்த வரிசை ஒன்று, பென் டிரைவில் இருந்ததன் வரிசை இன்னொன்று. முதல் எழுத்தே ஒட்டவில்லை.

"டேய்!" என்று ஷட்டரைப் பார்த்துக் கத்தினாள். "சாஃப்ட்வேர் போலிடா! அதுதான்டா திருடியிருக்கு!"

"அந்த ஆளைக் காப்பாத்தக் கதை கட்டாதே!"

கடப்பாரை மறுபடி இறங்கியது. இரும்பில் ஒரு ஓட்டை விழுந்து, அதன் வழியாக வெயில் உள்ளே வந்தது. அவள் புரோகிராமைப் பலியாட்டில் ஏற்றினாள். உடனே திரை நடுவில் சிவப்பாக ஒரு பெட்டி முளைத்து, ஆபத்து ஆபத்து என்று அலறியது. தொழிலில் இருக்கிறவர்களுக்கு இது பழகிப்போன சமாச்சாரம். ஊரார் கம்ப்யூட்டரில் களவாக மைனிங் ஓட்டுகிற கும்பல்கள் பெருத்துப்போனதால், நல்லதோ கெட்டதோ, மைனிங் என்று எது வந்தாலும் ஆன்ட்டி வைரஸ் குரைக்கும். வீட்டுக்காரன் வந்தாலும் குரைக்கிற நாயை எவ்வளவு நாள்தான் எழுந்து போய்ப் பார்ப்பது? எனவே மைனிங் செய்பவர்கள் எல்லாரும் முதல் காரியமாக அதன் வாயைக் கட்டிவிடுவார்கள். அவள் விரலும் பழக்கத்தில் அதற்குத்தான் போனது. வாயும் பழக்கத்தில் சொன்னது:

"மைனிங் சாஃப்ட்வேர்னா அது அப்படித்தான் கத்தும். ஆஃப் பண்ணிடலாம்."

வீட்டுக்காரர் தலையை நிமிர்த்தி அவளைப் பார்த்தார்.

அவள் விரல் அந்தரத்தில் நின்றது. இதே வார்த்தையை அவள் முன்பு ஒரு தடவை சொல்லியிருக்கிறாள். அன்று ஒரு பெரிய பிரிண்டரைப் பிரித்துப் போட்டிருந்தாள். முழங்கை வரை மை. போன் காதுக்கும் தோளுக்கும் நடுவில். வாயில் இரண்டு ஸ்க்ரூ. போனுக்குள் முதலில் மின்விசிறி இரைச்சல், பிறகு வாசலுக்கு வந்துவிட்ட மாதிரி அமைதி, இவர் குரல்: சிவப்பா ஒரு பெட்டி வருது, வைரஸ்ங்குது, என்ன பண்ணட்டும்? எங்கிருந்து இறக்கினீங்க என்று அவள் கேட்கவில்லை. ஊரில் எல்லாரையும் கேட்கிறவள், இவர்கிட்டக் கேட்கவில்லை. அது அப்படித்தான் கத்தும், ஆஃப் பண்ணுங்க என்று ஸ்க்ரூவுக்கு நடுவில் சொல்லிவிட்டு, தோளைத் தளர்த்திப் போனைக் கீழே விழவிட்டாள்.

"எனக்கா?" என்றாள்.  "எனக்கா போன் பண்ணீங்க?"

அவர் கையை மடியில் வைத்துக்கொண்டார்.

"அதை ஏன் அவன்கிட்டச் சொல்லல? கையைக் குடுத்துக்கிட்டு நின்னீங்களே, சொல்லியிருந்தா விட்டிருப்பான்ல?"

"உன்கிட்ட வந்திருப்பான்" என்றார். "அவன் இன்னைக்கு இருக்கிற இருப்புக்கு, ஆள் யாருன்னு பார்க்க மாட்டான்."

அவளுக்கு ஓவென்று அழ வேண்டும் போல இருந்தது. அழ நேரமில்லை. சிவப்புப் பெட்டியை ஒதுக்கிவிட்டுப் புரோகிராமை ஓடவிட்டு, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உள்ளே ஒவ்வொரு மூலையாகத் துழாவினாள். மறைத்து வைத்த ஒரு ஃபோல்டரில், சற்று முன் இல்லாத ஒரு கோப்பு இருந்தது. ஒரு வெற்றுப் பக்கத்தைத் திறந்து ஏதோ இரண்டு சொல் தட்டினாள். கோப்பு வளர்ந்தது. திறந்தாள். தட்டிய சொல் இரண்டும் உள்ளே இருந்தன. மைனிங்கும் ஒழுங்காகச் செய்துகொண்டு, தட்டுகிறதை எல்லாம் பக்கத்தில் இருந்து எழுதிக்கொள்கிற களவாணி. பலியாட்டுக்கு நெட் இல்லாததால் அனுப்ப வழியில்லாமல் சேர்த்து வைத்திருக்கிறது. பின்னறை மெஷினில் அந்தப் பன்னிரண்டு சொற்களை இவர் தட்டியபோது, அதே நொடியில் அவை யாரோ ஒரு முகம் தெரியாத பாவியின் கைக்குப் போயிருக்கும்.

ஷட்டரைத் திறக்கப் போனாள். "வேணாம்" என்று வீட்டுக்காரர் அவள் தோளைப் பிடித்தார். கையைத் தட்டிவிட்டுப் பூட்டைத் திறந்தாள். வளைந்த ஷட்டர் பாதிதான் ஏறியது. கதவு குனிந்து கடப்பாரையோடு உள்ளே வந்தான். வியர்வையில் சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. அவள் இரண்டு பேருக்கும் நடுவில் நின்றுகொண்டாள்.

"அவரைத் தொடறதுக்கு முன்னாடி இதுல ஏதாவது தட்டு. உன் மனசுல இருக்கிறதைத் தட்டு. அப்புறம் நீ என்ன வேணா பண்ணிக்க."

அவன் அவளை முறைத்தான். பிறகு கடப்பாரையை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, ஆங்கில எழுத்தில், ஒற்றை விரலால், தேடித் தேடித் தட்டினான். மாமா திருடன். அவள் அந்தக் கோப்பைத் திறந்து காட்டினாள். அதில் கடைசி வரியாக 'மாமா திருடன்' என்று இருந்தது. அவன் புரியாமல் இன்னொன்று தட்டினான், ஒரு கெட்ட வார்த்தை. அதுவும் போய் அடியில் உட்கார்ந்துகொண்டது.

"பாத்தியா? இதுதான் பன்னிரண்டு வார்த்தையையும் திருடுச்சு. மாமா இல்ல."

கதவின் மூச்சு ஏறி இறங்கியது. திரையைப் பார்த்தான், மாமாவின் துணி சுற்றிய கையைப் பார்த்தான், மறுபடி திரையைப் பார்த்தான். இவ்வளவு கோபத்தையும் தூக்கிக்கொண்டு வந்தாகிவிட்டது. இறக்கி வைக்க ஒரு முகம் வேண்டும். அந்தத் திரையில் முகம் இல்லை.

"அப்போ ஆஃப் பண்ணச் சொன்னது எவன்? பெட்டி கத்துச்சுல்ல? இவரு யாரையோ கேட்டுத்தானே ஆஃப் பண்ணாரு? எவன் அவன்?"

"தெரியாமப் பண்ணிட்டேன்டா" என்றார் மாமா அவசரமாக. "நானாத்தான்..."

"நான்தான்" என்றாள் அவள். "எனக்குத்தான் போன் பண்ணாரு. ஆஃப் பண்ணச் சொன்னது நான்."

கடப்பாரை தரையில் விழுந்தது. அது விழுந்ததை நல்ல சகுனம் என்று நினைத்தால் தப்பு. அவனுக்கு இரண்டு கையும் தேவைப்பட்டது. அக்காவின் கழுத்தைப் பிடித்து அலமாரியில் சாய்த்தான். ஸ்க்ரூ டப்பாக்கள் எல்லாம் தலையில் கொட்டின. இத்தனை வருஷத்தில் அவன் அவளைத் தொட்டதில்லை. அவளும் சும்மா நிற்கவில்லை. கைக்கு வந்த நீள ஸ்க்ரூ டிரைவர் அவன் விலாவுக்குக் கீழே, சட்டையைத் துளைத்து, தோலில் ஏறிவிட்டது. ஒரு சொட்டு ரத்தம் சட்டையில் வட்டமாகப் பரவியது. இன்னும் கொஞ்சம் அழுத்தினால் உள்ளே போகும். அவள் அழுத்தவும் தயாராக இருந்தாள். அவன் கட்டைவிரல்களும் தயாராக இருந்தன. அவளுக்குக் கண் இருட்டியது.

"உங்க அப்பாவை நான் பாத்ததே இல்ல" என்றது ஒரு குரல்.

தரையில் உட்கார்ந்திருந்த சலூன்காரர்தான். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை.

"ஆளு எப்படி இருப்பாருன்னு ரொம்ப நாளா யோசிச்சிருக்கேன். இன்னைக்கு ரெண்டா பாத்துட்டேன்."

கதவின் கை தானாகக் கழன்றது. அவள் இருமி இருமி மடங்கி உட்கார்ந்தாள். ஸ்க்ரூ டிரைவர் எங்கேயோ உருண்டது. அவன் தன் உள்ளங்கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு மாமாவின் முன்னால் மண்டியிட்டு, அந்தப் பெரிய உடம்பு குலுங்க அழுதான். அழுதுகொண்டே அவரைக் குழந்தையைத் தூக்குகிற மாதிரி தூக்கிக்கொண்டு, ஆஸ்பத்திரிக்குத் தெருவோடு நடந்தான். கடைக்காரர்கள் எல்லாரும் வாசலில் வந்து நின்று பார்த்தார்கள்.  அடிக்கும்போதும் அவர்கள் அப்படித்தான் நின்றிருந்தார்கள்.

போன நாணயம் போனதுதான். எடுத்தவன் எங்கே உட்கார்ந்து தின்கிறானோ, அவன் தொண்டையில் சிக்கட்டும். மெஷின்களை எல்லாம் சந்தேகம் ஒன்று விடாமல் துடைத்துச் சுத்தமாக்கிக் கொடுத்தாள். கதவு அவற்றை விற்றுவிட்டு ஒரு குடோனில் மூட்டை தூக்கப் போனான். மூட்டையை எவ்வளவு வேகமாக எறிந்தாலும் அதற்கு வலிக்காது. இப்போதெல்லாம் அவளுக்கு யாராவது போன் செய்து சிவப்புப் பெட்டி என்று சொன்னால், கையில் என்ன வேலை இருந்தாலும் போட்டுவிட்டு, நான் வர்ற வரைக்கும் தொடாதீங்க என்று சொல்லிவிட்டு நேரில் போகிறாள்.

விரல்கள் இரண்டும் ஒட்டினவே தவிர மடங்கவில்லை. அவர் இடது கையால் கத்தி பிடிக்கப் பழகினார். பழகுவதற்குக் கழுத்து வேண்டுமே; எந்த மடையன் கொடுப்பான்? பழைய வாடிக்கையாளர்கள் வாசலோடு நலம் விசாரித்துவிட்டுப் போய்விட்டார்கள். கதவுதான் வந்தான். ஞாயிறு தவறாமல் வந்து, நாற்காலியில் சாய்ந்து, மோவாயைத் தூக்கிக் கழுத்தைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தான். கத்தி நடுங்கியது. வெட்டுப் பட்டது. ரத்தம் காலர் வரை வழிந்தது. அவன் கண்ணைத் திறக்கவும் இல்லை, கையை நகர்த்தவும் இல்லை.

"வலிக்குதா?"

"இல்ல மாமா. நீங்க போடுங்க."

சந்தேகம் தன் கடை வாசலில் இருந்து இதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். மாசக்கணக்கில் பார்த்தாள். முடி வெட்டும்போது அந்த இடது கை இப்போது நன்றாகவே வேலை செய்தது; கத்தரிக்கோலில் நடுக்கமே இல்லை. கத்தி எடுத்து அந்த ஒரு கழுத்துக்கு அருகில் போகும்போது மட்டும் நடுங்கியது. அவள் பார்க்காமல் விடுகிற ஆளா? ஒரு சனிக்கிழமை, சாப்பிட்டு முடித்துத் தட்டைக் கழுவும்போது கேட்டுவிட்டாள்.

"அவன் கழுத்துல கத்தி வைக்கும்போது உங்களுக்கு ஒண்ணும் தோணலையா?"

அவர் தட்டை வாங்கித் துடைத்து அடுக்கினார். மடங்காத இரண்டு விரலும் தனியாக நீட்டிக்கொண்டிருந்தன.

"தோணுது" என்றார். "ஒவ்வொரு தடவையும் தோணுது. அதனாலதான் கை நடுங்குது. விரல் போனதாலன்னு நெனச்சியா?"

"அவனுக்குத் தெரியுமா?"

"தெரியாமலா கண்ணை மூடிக்கிட்டு உட்கார்றான்?"

அடுத்த நாள் கதவு வந்து நாற்காலியில் சாய்ந்து கழுத்தைக் காட்டினான். வீட்டுக்காரர் தோல் பட்டையில் கத்தியைத் தீட்ட ஆரம்பித்தார். சந்தேகம் தன் கடையைப் பூட்டிவிட்டு வந்து, சலூன் பெஞ்சில், அவருடைய இடது கை நன்றாகத் தெரிகிற இடமாகப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள்.